மடித்துவிட்ட ஓரம்

கம்ப்யூட்டர் சர்வீஸ்காரர் தன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். கடிக்க நகம் மிச்சமில்லாததால் விரலையே கடித்துக்கொண்டிருந்தார் என்று சொல்வதுதான் சரி.

எதிரே ஸ்டூலில் உட்கார்ந்திருந்த துப்பறிவாளர் மூக்கர், பிரித்துப் போட்டிருந்த பிரிண்டரின் தூசி தாங்காமல் தும்மினார். அவருடைய அண்ணன் மகளும் உதவியாளருமான வாயாடி கைக்குட்டையை நீட்டினாள்.

"சித்தப்பா, மோப்பம் பிடிக்கச் சொன்னா தும்மறீங்க. குற்றவாளி உஷாராயிடப் போறான்."

குற்றவாளி என்ற சொல் சர்வீஸ்காரர் முகத்தில் அறைந்த மாதிரி விழுந்தது. வாயாடிக்கே நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றியது. ஆனால் ஊரே அவரைப் பற்றி அப்படித்தான் பேசிக்கொண்டிருந்தது.

கம்ப்யூட்டரில் படம் ஓட, கிராபிக்ஸ் கார்டு என்று ஒன்று வேண்டும். அதில் புதிய மாடல் வந்துவிட்டால் போதும், பூமியே அதற்கு அலையும். கம்பெனி கடைக்கு ஒரு கைப்பிடிதான் அனுப்பும். கேட்பவர்களோ தெருமுனை வரை நிற்பார்கள். பழைய மாடல்கள்கூட யானை விலைக்குப் போய்விடும். இந்த நிலையில் சர்வீஸ்காரர் வேலை பார்த்த கம்ப்யூட்டர் கடை மட்டும் ஒரு நல்ல காரியம் செய்தது. அச்சிட்ட விலைக்கு, ஆளுக்கு ஒன்று, பழைய வாடிக்கையாளர்களுக்கு மட்டும் என்று சொல்லி முன்பணம் வாங்கியது. கார்டுகள் ஒரு சாயங்காலம் வந்து இறங்கின. பிரிக்காத டப்பாக்களை அப்படியே உள்ளறையில் வைத்துப் பூட்டியதாகக் கடை முதலாளி சொன்னார். காலையில் அலமாரி காலி. பூட்டு உடையவில்லை. சாவி இரண்டு பேரிடம்தான் இருந்தது. ஒன்று முதலாளியிடம், மற்றது சர்வீஸ்காரரிடம்.

முதலாளி அன்றைக்கே சர்வீஸ்காரரை நிறுத்திவிட்டார். ஆனால் போலீசுக்குப் போகவில்லை. கூடவே இருந்த மனுஷனைக் கம்பிக்குப் பின்னால் பார்க்க மனசு வரவில்லை என்றார். கேட்டவர்கள் உருகிப்போனார்கள்.

மூக்கரைத் தேடி வந்தவள் முதலாளியின் தங்கை. வீட்டிலிருந்தபடியே குழந்தைகளுக்கான பாடங்களை அனிமேஷன் படங்களாகச் செய்து கொடுப்பவள். அவளுடைய பழைய கார்டு பாதி வேலையில் கருகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமைக்குள் படங்களைக் கொடுக்காவிட்டால், வருஷக் கணக்காகக் காத்திருந்து பிடித்த ஒப்பந்தம் வேறு ஆளுக்குப் போய்விடும். அண்ணன் கடையின் முன்பதிவில் முதல் ஆள் அவள்தான். ஆனாலும் அவள் தன் கார்டுக்காக வரவில்லை. அண்ணன் சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை, யாரிடமும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று சொல்லி, அவனுக்காகத்தான் வந்தாள். துப்பறிவாளர் எல்லாம் எதற்கு என்று அண்ணன் தடுத்தும் கேட்கவில்லை.

நேற்று கடைக்குப் போனபோது, அந்தச் சோகத்திலும் அண்ணன் அவர்களுக்குக் கடையைச் சுற்றிக் காட்டினார். புதுக் கார்டின் முதுகில் கீறல் விழாமலிருக்க மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். மற்ற கடைகளில் டப்பாவை அப்படியே தூக்கிக் கொடுத்துவிடுவார்கள். இங்கே ஒவ்வொரு கார்டையும் கம்ப்யூட்டரில் பொருத்தி ஓட்டிப் பார்த்து, சரியாக இருந்தால் அந்தத் தாளின் ஒரு ஓரத்தைத் தூக்கி உள்பக்கமாக மடித்துவிடுவார்கள். வாங்குகிறவர் சுரண்டிக்கொண்டு நிற்காமல் ஒரே இழுப்பில் உரிக்க வேண்டும், அதுதான் புதுப்பொருளின் சுகம் என்றார் அண்ணன். தங்கை அப்போது அவரைப் பெருமையோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

சர்வீஸ்காரரிடம் மூக்கர் கேட்டது கொஞ்சம்தான். அன்று சாயங்காலம் எங்கே இருந்தீர்கள் என்று கேட்டார். முதலாளியே சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பிவிட்டதாகப் பதில் வந்தது. சாவி? இடுப்பிலேயே இருந்தது, இப்போது திருப்பிக் கொடுத்தாயிற்று. யார் மேலாவது சந்தேகம்? அதற்கு அவர் தலையை ஆட்டினார். கிளம்பும்போதுதான் தானாகப் பேசினார்.

"நீ எடுத்திருந்தாலும் நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னு முதலாளி சொன்னாரு சார். ரெண்டு அடி அடிச்சிருந்தாக்கூடத் தாங்கியிருப்பேன்."

தெருவுக்கு வந்ததும் வாயாடி தீர்ப்பு எழுதிவிட்டாள். இப்படி விரலைத் தின்கிறவர் எதையோ மறைக்கிறார் என்றாள். பசியாகவும் இருக்கலாம் என்றார் மூக்கர்.

மிச்சமிருந்தது ஒரே ஒரு துப்பு. திருட்டு நடந்த மறுநாள், பழைய சாமான் விற்கும் இணையதளம் ஒன்றில் அதே மாடல் மூன்று மடங்கு விலைக்கு வந்திருந்தது. 'ஓட்டிப் பார்த்தது, நம்பி வாங்கலாம்' என்று கீழே ஒரு வரி. மூக்கரிடம் வருவதற்கு முன்பே தங்கை அந்த ஆளிடம் விலை குறைக்கச் சொல்லிக் கெஞ்சியிருந்தாள். அவன் அசைந்துகொடுக்கவில்லை. இப்போது மூக்கர் சொன்னபடி, கேட்ட விலைக்கே வாங்கிக்கொள்வதாக அவள் தன் எண்ணிலிருந்தே செய்தி அனுப்பியிருந்தாள். சந்திக்கும் இடம், ஒரு வணிக வளாகத்தின் அடித்தள வாகன நிறுத்துமிடம்.

அங்கே டியூப்லைட்டுகளில் பாதி கண்ணடித்துக்கொண்டிருந்தன. தூணுக்குப் பக்கத்தில் ஒரு மோட்டார் சைக்கிள். அதன்மேல் ஹெல்மெட்டோடு ஒரு ஆள். மடியில் ஒரு துணிப்பை.

"ஹெல்மெட்டைக் கழட்டாமப் பேசறவன் ஒண்ணு திருடனா இருக்கணும், இல்ல முடி கொட்டினவனா இருக்கணும்," என்று வாயாடி முணுமுணுத்தாள்.

"ரெண்டாவும் இருக்கலாம். போய் நல்லாப் பேசு."

தங்கையும் கூடவே வந்தாள். காரில் இருக்கச் சொல்லியும் கேட்கவில்லை. பணப்பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள்.

பொருளைப் பார்த்துவிட்டுத்தான் பணம் என்றாள் வாயாடி. இந்த நாளில் டப்பாவுக்குள் செங்கல் வைத்து விற்கிறவர்களும் உண்டு என்று காரணமும் சொன்னாள். ஹெல்மெட் தயங்கிவிட்டு, வண்டியை விட்டு இறங்கிப் பையைக் கொடுத்தார். அவள் மோட்டார் சைக்கிள் சீட்டின் மேலேயே டப்பாவை வைத்துத் திறந்தாள். கொடுக்கும் அவசரத்தில் அவர் சாவியை வண்டியிலேயே விட்டுவிட்டார். அது இப்போது வாயாடியின் சுண்டுவிரலில் தொங்கிக்கொண்டிருந்தது.

உள்ளே இருந்தது கார்டுதான். செங்கல்லைவிடக் கனம், மூன்று விசிறிகள்.

"நம்ம ஆபீஸுக்கே ஒரு விசிறிதான் சித்தப்பா. அதுவும் நாம கெஞ்சினாத்தான் சுத்தும்."

மூக்கர் சிரிக்கவில்லை. கார்டைத் திருப்பி அதன் முதுகை வெளிச்சத்தில் காட்டினார். பிளாஸ்டிக் தாள் பளபளத்தது. அதன் ஒரு ஓரம் உள்பக்கமாக, அழகாக, சின்ன முக்கோணமாக மடிந்திருந்தது.

தங்கை அதைப் பார்த்ததும் மூச்சை இழுத்தாள். "இது எங்க கடைச் சரக்கு சார்."

வாயாடிக்கு உற்சாகம் தாங்கவில்லை. எல்லாம் பொருந்துகிறது என்றாள். சாவி வைத்திருந்தவர் சர்வீஸ்காரர். கார்டை ஓட்டிப் பார்க்கத் தெரிந்தவர் அவர். கடைப் பழக்கம் கையோடு ஊறியவரும் அவர். திருடிக்கொண்டு போனாலும் ஓரத்தை மடிக்காமல் இருக்க முடியவில்லை.

மூக்கர் கார்டை அவளிடமே நீட்டினார். "மடிக்காத ஓரம் ஒண்ணு இருக்கு பார். அதைத் தூக்கு."

வாயாடி விரலை வைத்தாள். வழுக்கியது. நகத்தைக் கொடுத்தாள். தாள் கார்டோடு தோலாக ஒட்டியிருந்தது. நாக்கைத் துருத்திக்கொண்டு சுரண்டினாள். நகத்தின் சாயம் பெயர்ந்ததுதான் மிச்சம். கடைசியில் ஒரு இழை கிளம்பியது.

"காலைல அவர் விரலைப் பார்த்தியே," என்றார் மூக்கர்.

வாயாடியின் கை அப்படியே நின்றது. பல வருஷப் பழக்கத்தில் கடிக்க நகமே இல்லாமல் போன விரல்கள். சதையும் ரத்தக்கோடுமாக இருந்த பத்து விரல் நுனிகள். அந்த விரல்களால் இந்தத் தாளைத் தொடலாம், தடவலாம். ஓரத்தைத் தூக்க முடியாது. நேற்று கடையில் கண்ணாடி மேஜைக்கு மேல் நீண்ட ஒரு கை அவள் நினைவுக்கு வந்தது. சுண்டுவிரலில் நீளமாக வளர்த்துச் சீராகத் தேய்த்த நகம். காது குடையவா, கார்டு உரிக்கவா என்று சித்தப்பாவின் காதில் அவளே கிண்டலடித்திருந்தாள்.

அதை அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை. தங்கை தானே அந்த முடிவுக்கு வந்து சேர்ந்துவிட்டாள்.

"எங்க அண்ணன்தான் மடிப்பான். அதனால என்ன? திருடு போறதுக்கு முன்னாடியே மடிச்சு வச்சிருப்பான்."

டப்பாக்களைப் பிரிக்கவே இல்லை, வந்தபடியே பூட்டினேன் என்று அண்ணன் நேற்றுச் சொன்னதை மூக்கர் நினைவுபடுத்தினார். அது அவர் மறந்து சொன்னதாக இருக்கலாம் என்றாள் தங்கை. குழப்பத்தில் எல்லாருக்கும் வருவதுதான் என்றாள். மூடிய டப்பாவுக்குத்தான் வெளியில் விலை அதிகம், திருடனாக இருந்தால் பிரித்தே இருக்கமாட்டான் என்றார் மூக்கர். அவள் கேட்காத மாதிரி பணப்பையின் வாரைச் சரி செய்தாள்.

"வாய் பொய் சொல்லத் தயாராயிடுச்சும்மா. கைக்கு யாரும் சொல்லிவைக்கல. அது எப்பவும் போல வேலையைப் பார்த்துடுச்சு."

இதற்குள் ஹெல்மெட் தன் சாவியைத் தேட ஆரம்பித்திருந்தார். வாயாடி அதை ஆட்டிக் காட்டினாள். போலீஸ் என்ற ஒரு சொல் போதுமாக இருந்தது. ஹெல்மெட் கழன்றது. உள்ளே இருந்தது மூக்குக்கண்ணாடி போட்ட சாதுவான முகம். மேல்மாடியில் செல்போன் உறை விற்கிறவராம். தான் திருடன் இல்லை, விற்றுக் கொடுத்தால் கமிஷன், அவ்வளவுதான் என்றார். டப்பாவைக் கொடுத்தவர் யார் என்று கேட்டதற்குக் கடையின் பெயரைச் சொல்லவில்லை, கடை இருக்கும் தெருவைச் சொன்னார். பிறகு தங்கையின் கையிலிருந்த பையைப் பார்த்தார். இத்தனை நாள் அந்த எண்ணிலிருந்து கெஞ்சியவள் இவள்தான் என்று அவருக்குப் புரிந்துவிட்டது.

"நான் குறைக்கலாம்னுதான் சொன்னேன் மேடம். பாவமா இருந்துச்சு. அவர்தான் வேண்டாம்னாரு. எந்த நம்பர்னு கேட்டாரு, சொன்னேன். அப்படியா, அது கண்டிப்பா வாங்கும், ஞாயித்துக்கிழமைக்குள்ள வேலையை முடிக்கணும், அதுக்கு வேற வழி கிடையாது, நீ இறங்காதேன்னாரு."

தலைக்கு மேலே டியூப்லைட் ஒன்று படபடத்து அணைந்தது.

ஞாயிற்றுக்கிழமை என்று தங்கை இந்த ஆளிடம் சொல்லவே இல்லை. அவசரம் தெரிந்தால் விலை ஏறிவிடும் என்று பயந்து, கெஞ்சும்போதுகூட அதை மட்டும் வாய்க்குள்ளேயே வைத்திருந்தாள். மூக்கரிடம் சொன்னது நேற்றுத்தான். வேலை கொடுத்த பாடக் கம்பெனியைத் தவிர, அதற்கு முன்னால் அது தெரிந்த ஆள் உலகத்திலேயே ஒருவர்தான். கார்டு கருகிய அன்று அவர் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்துதான் அவள் அழுதிருந்தாள். அவர்தான் தண்ணீர் கொடுத்து, நான் இருக்கிறேன் என்று தலையில் கை வைத்தார்.

"கடைக்குப் போகலாம் சார்," என்றாள். குரலில் ஒன்றுமே இல்லை.

வாயாடி முதல் முறையாக அவளை அக்கா என்று கூப்பிட்டு, பணப்பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள்.

கடையில் மூன்று வாடிக்கையாளர்கள் முதலாளிக்கு ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கொடுத்த முன்பணத்துக்கு அவசரமில்லை, மெதுவாகத் திருப்பிக் கொடுங்கள் என்று ஒருவர் சொல்ல, முதலாளி கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்போதுதான் தங்கை டப்பாவைக் கண்ணாடி மேஜைமேல் வைத்தாள். அவளுக்குப் பின்னால் ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்ற ஆளை அண்ணன் பார்த்தார். துடைத்த கை முகத்திலேயே நின்றுவிட்டது.

கொஞ்சம் வெளியே இருங்கள் என்று வாடிக்கையாளர்களைக் கேட்டுக்கொண்டார். தங்கை அவர்களை நிற்கச் சொன்னாள்.

மறுத்துப் பார்ப்பார் என்று வாயாடி எதிர்பார்த்தாள். அவர் மறுக்கவில்லை. வேகமாகப் பேச ஆரம்பித்தார். கம்பெனி அனுப்புவதே ஒரு கைப்பிடி. பெரிய கடைகள் எல்லாம் பின்வாசல் வழியாகத்தான் விற்கின்றன. அச்சிட்ட விலைக்குக் கொடுத்தால், வாங்கினவன் இதே வாசலில் நின்று மூன்று மடங்குக்கு விற்றுவிட்டுப் போகிறான். போன தடவை கண்ணாலே பார்த்தேன். நான் வாடகை கட்டி, கரண்டு கட்டி, நியாயமாக விற்று, எவனோ ஒருவன் சம்பாதிக்க வேண்டுமா என்று கேட்டார்.

அதில் பொய் அதிகமில்லை. வாடிக்கையாளர்களில் ஒருவர் தரையைப் பார்த்துக்கொண்டார்.

சர்வீஸ்காரர் என்ன பாவம் செய்தார் என்று தங்கை கேட்டாள். அவருக்குப் பிறகு ஏதாவது செய்யத்தான் நினைத்திருந்தேன் என்றார் அண்ணன்.

"சரி. என்கிட்ட மட்டும் ஏண்ணா இறங்க வேண்டாம்னே?"

அவர் பதில் தேடினார். கிடைத்த பதில் அவருக்கே சரியாகத்தான் பட்டிருக்க வேண்டும், ஏனென்றால் குரல் இளகியது.

"உன் பணம் எங்கேம்மா போகப்போகுது? நம்ம குடும்பத்துக்குள்ளதானே. அப்புறமா ஏதாவது ஒரு வழியில உனக்கே திருப்பிக் கொடுத்திருப்பேன்."

"நான் அழுதது உனக்கு விலையாத் தெரிஞ்சுதா?"

அவர் மேஜையைச் சுற்றிக்கொண்டு அவள் பக்கம் வந்தார். மற்றவர்களுக்குக் கேட்கக்கூடாது என்று குனிந்துதான் பேசினார். ஆனால் சின்னக் கடை, எல்லாருக்கும் கேட்டது.

"இவங்க முன்னாடி வேண்டாம். இதை எடுத்துக்கிட்டு வீட்டுக்குப் போ. ஒரு பைசா வேண்டாம். போலீஸ் அது இதுன்னு போனா இந்தக் கார்டையும் சாட்சின்னு தூக்கிட்டுப் போயிடுவாங்க. ஞாயித்துக்கிழமை என்ன செய்வே? யோசிச்சுப் பார்."

தங்கை மூக்கரைத் திரும்பிப் பார்த்தாள். அண்ணன் சொல்வது உண்மைதான் என்றார் மூக்கர். கார்டு போனால் எப்போது திரும்பும் என்று யாராலும் சொல்ல முடியாது. வழக்கைக் கொடுத்தவர் நீங்கள், முடிவும் உங்களுடையது என்று சொல்லிவிட்டுக் கைக்குட்டையை எடுத்தார். ஆனால் தும்மவில்லை.

டப்பா மேஜைமேல் இருந்தது. எடுத்துக்கொண்டு போனால் இன்றைக்கே வேலையைத் தொடங்கிவிடலாம். தங்கை அதன்மேல் உள்ளங்கையை வைத்தாள். அண்ணன் முகத்தில் நிம்மதி வர ஆரம்பித்தது.

அவள் இன்னொரு கையால் செல்போனை எடுத்தாள். பாடக் கம்பெனியைத்தான் கூப்பிட்டாள். தன் பெயரைச் சொல்லி, படங்களை ஞாயிற்றுக்கிழமை தர முடியாது என்றாள். எதிர்முனை ஏதோ கேட்டது.

"இல்லைங்க, அடுத்த வாரமும் முடியாது. எப்பன்னு தெரியல. நீங்க காத்திருக்க வேண்டாம், வேற ஆளுக்குக் கொடுத்துடுங்க."

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேசினார்கள். அவள் கேட்டுக்கொண்டே நின்றாள். வேலை கொடுத்ததற்கு நன்றி என்று சொல்லி முடித்தாள். அண்ணன் அவள் கையைப் பிடிக்க வந்தார். என்ன காரியம் செய்கிறாய், பைத்தியமா என்று கேட்டார். அவள் கையை விலக்கிக்கொண்டு, டப்பாவை மூக்கர் பக்கமாகத் தள்ளினாள்.

பிறகு வாடிக்கையாளர்கள் உட்காரும் ஸ்டூல் ஒன்றை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"இப்ப எனக்கு ஒரு அவசரமும் இல்லண்ணா," என்றாள். "சார், நீங்க போலீசைக் கூப்பிடுங்க. அவங்க வர்ற வரைக்கும் இங்கேயே இருக்கேன்."